நாலு மங்கள வார்த்தை நேரம்

மயக்க ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டுப் பயந்துபோய் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள். நானே மறுபடி போனேன். ஆனால் முதல் தடவை போகும்போது என்ன கேட்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எழுத்தில் அது தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

என் பெயர் அருள்மேரி. பாம்பனுக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர். கல்யாணமாகி வந்ததிலிருந்து இருபத்தாறு வருடமாகக் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறேன். நாங்கள் எடுத்துக் காயவைத்துக் கொடுக்கிற பாசி எங்கெங்கோ கம்பெனிகளுக்குப் போய் மருந்தாகவும் இனிப்பாகவும் மாறுகிறதாம். மாத்திரையின் மேல்தோலில்கூட அது இருக்கிறது என்று ஒருமுறை ஒரு அதிகாரி சொன்னார். பத்தாவது படித்தவள் என்பதால் எங்கள் பாசிப் பெண்கள் சங்கத்துக் கூட்ட நோட்டை எழுதுகிறவளும் நான்தான். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வேலை முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. நாங்கள் இரண்டிரண்டு பேராகத்தான் முங்குவோம். ஒருத்தி கீழே போனால் ஒருத்தி மேலே இருப்பாள். கீழே போகிறவளின் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். மறுமுனை மேலே இருப்பவள் கையில். கடிகாரமெல்லாம் கிடையாது. மேலே இருப்பவள் மங்கள வார்த்தை சொல்லுவாள். மாதாவை வாழ்த்துகிற சின்னச் செபம் அது. நிதானமாகச் சொன்னாலும் கால் நிமிடம் ஆகாது. எங்களைப் போல வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், அல்லாத பெண்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். ஒவ்வொருத்தியின் மூச்சுக்கும் ஒரு கணக்கு உண்டு. என் கணக்கு நாலு. நாலாவது ஆமென் சொல்லி முடிப்பதற்குள் என் தலை வெளியே வந்துவிடும். ஐந்தாவதைத் தொடங்கும்படி ஆகிவிட்டால் கேள்வியே இல்லை, கயிற்றை இழுத்துவிட வேண்டும்.

எனக்கு மேலே இருப்பவள் செல்வராணி, என் வீட்டுக்காரரின் தங்கை. இருபது வருடமாக என் கயிறு அவள் கையில்தான் இருக்கிறது. போன வருடம் வரைக்கும் இரண்டே முறைதான் இழுத்திருந்தாள்.

போன வருடம் எனக்கு வயிற்றில் எரிச்சல் ஆரம்பித்தது. மேல்வயிற்றில் கங்கு வைத்த மாதிரி. பாசிக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் இடுப்புவலி, தோள்வலி உண்டு. மெடிக்கலில் போய் 'வலி மாத்திரை' என்றால் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பல வருடமாக விழுங்கியிருக்கிறேன். அந்த மாத்திரை வயிற்றைத் தின்னும் என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் வத்தையில், நாங்கள் போகிற சின்னப் படகில், ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்று அன்றைக்குத்தான் ராணியிடம் சொன்னேன்.

"எத்தன நாளா மதினி?"

"ஒரு வாரம் இருக்கும்."

"ஒரு வாரமா வாய மூடிக்கிட்டு இருந்தீகளாக்கும்! அண்ணன்கிட்டயாச்சும் சொன்னீகளா?" என்று கத்திவிட்டு அவளே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

மறுநாள் மூன்று பேரும் ராமநாதபுரம் போனோம். எங்கள் ஊர்க்காரர்கள் வழக்கமாகப் போகிற தனியார் கிளினிக். பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் என் மேலேயே கேஸ் வரும். வாசலில் பெரிய போர்டு: வலி தெரியாமல், தூக்கத்திலேயே எண்டோஸ்கோப்பி. டாக்டர் நல்லவர், கைராசிக்காரர் என்று பெயர். அந்தப் பெயர் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

கறுப்பாகப் போவது என்றால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது, வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அந்த 'வேறு ஏதாவது' என்ன என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்று பேர் மனதிலும் ஒரே வார்த்தைதான் ஓடியது. குழாய் என்றதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முழித்திருக்கும்போதே விடலாம், தூங்க வைத்தும் விடலாம் என்றார். தூங்க வையுங்கள் என்று சொன்னது நான்தான். அதை மறைக்க மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். வெள்ளனா எழுந்து நாலரை மணிக்கு அரை டம்ளர் வரக்காப்பி குடித்தேன். பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. கிளினிக்கில் உட்கார்ந்தது ஒன்பதரைக்கு. டோக்கன் கொடுப்பது, பிரஷர் பார்ப்பது, பில் போடுவது, உள்ளே டாக்டருக்குக் கை கொடுப்பது எல்லாம் ஒரே சிஸ்டர். ஐம்பது வயதிருக்கும். கால் வீங்கியிருந்தது. இன்னொரு சிஸ்டர் லீவாம்.

"சாப்பிட்டியாம்மா?"

"இல்ல சிஸ்டர்."

"சுகர் இருக்கா?"

"இல்ல."

"இங்கன ஒரு கையெழுத்துப் போடு."

இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். "என்ன போட்ருக்கு சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் உள்ளதுதாம்மா. வெரசாப் போடு, டாக்டர் பதினோரு மணிக்கு வேற ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

சங்கத்துக் கூட்டத்தில் ஒருத்தி படிக்காமல் கையெழுத்துப் போட்டால் நான் விடமாட்டேன். உட்கார வைத்து வாசித்துக் காட்டுவேன். அன்றைக்கு நான் வாசிக்காமல் போட்டேன்.

அறை குளிராகவும் இருட்டாகவும் இருந்தது. டிவியில் வயிற்றின் உட்புறம் தெளிவாகத் தெரிவதற்காக விளக்கை அணைத்துவிடுவார்களாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். தொண்டையில் கசப்பாக எதையோ பீச்சினார்கள், நாக்கு மரத்துப்போனது. விரலில் ஒரு கிளிப் மாட்டினார் சிஸ்டர். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். குறைந்தால் மெஷின் கத்தும். என் விரலில் அது எதையும் காட்டவில்லை. பாசி இருக்கும் பாறை கத்தி மாதிரி கிழிக்கும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி விரலில் சுற்றிக்கொண்டுதான் முங்குவோம், அப்படியும் வெட்டும். வெட்டி, ஆறி, காய்த்துப்போன விரல்கள் என்னுடையவை. போதாததற்கு ஏசிக் குளிர். சிஸ்டர் ஒவ்வொரு விரலாக மாற்றி மாட்டினார். மெஷின் ஓயாமல் கத்தியது.

"அந்தச் சத்தத்த நிப்பாட்டுங்க சிஸ்டர். பாசிக்காரப் பொம்பளைக கையி, அதுல எடுக்காது" என்றார் டாக்டர்.

சத்தம் நின்றது. அதன்பிறகு அங்கே எனக்காகக் கத்துவதற்கு எதுவும் இல்லை. எனக்கு அப்போது அது தெரியவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

கையில் ஊசி ஏறியது. தூக்கம் வரவில்லை. குழாய் தொண்டைக்கு வந்ததும் திமிறியிருக்கிறேன் போல. டாக்டர் சிஸ்டரிடம், "வெளிய யாரு இருக்கா, கையப் பிடிச்சுக்கச் சொல்லுங்க" என்றது காதில் விழுந்தது. ராணியின் கை என் கையைப் பிடித்தது. அவள் உள்ளங்கை எனக்குத் தெரியாதா? "இன்னும் கொஞ்சம் போடுறேன்" என்ற குரல்தான் நான் கடைசியாகக் கேட்டது. இனி நடந்ததெல்லாம் ராணி சொன்னது.

இரண்டாவது ஊசியில் நான் அடங்கிப்போனேன். டாக்டர் குழாயை விட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ பில் கேட்டுக் கதவைத் தட்ட, சிஸ்டர் எழுந்து போனார். அறையில் மூன்று பேர். நான் மயக்கத்தில், டாக்டரின் கண் திரையில், ராணியின் இரண்டு கையும் என் கைகள் மேல். பயத்தில் அவள் மங்கள வார்த்தை சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். கண் மட்டும் என் நெஞ்சில் இருந்திருக்கிறது, கடலில் தண்ணீரைப் பார்க்கிற மாதிரி.

நெஞ்சு அசையவில்லை. அதை அவள் முதல் செபத்திலேயே பார்த்துவிட்டாள்.

ஆனால் சத்தம் போடவில்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே அலறியிருப்பார்கள். ராணி அலறவில்லை, ஏனென்றால் நான் மூச்சை அடக்குவதைப் பார்த்தே இருபது வருடம் பழகியவள் அவள். குழாய் விட்டிருக்கிறார்கள், மதினி மூச்சடக்குகிறாள், நாலில் வந்துவிடுவாள் என்று நினைத்திருக்கிறாள். இரண்டு முடிந்தது. மூன்று முடிந்தது. நாலாவது ஆமென்னும் சொல்லிவிட்டாள். நான் வரவில்லை.

"மேல வரல சார்! எங்க மதினி மேல வரல!"

"சும்மா இரும்மா, தூங்குறாங்க."

"தூங்கலய்யா! மூச்சு இல்லய்யா!"

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் என் கையை விட்டுவிட்டு இரண்டு அக்குளிலும் கை கொடுத்து என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டாள். கடலில் வெளியே இழுக்கிறது அப்படித்தான். குழாய் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. டாக்டர் கத்தினார். யாரோ விளக்கைப் போட்டார்கள். என் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்ததாம். அதற்குப் பிறகுதான் ஓட்டம். ஆக்சிஜன் சிலிண்டர் நடையில் நின்றது. அதைத் திறக்கிற சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் படகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறவர். கையில் கிடைத்த எதையோ வைத்து அவர்தான் திருகித் திறந்தாராம். முகத்தில் மூடி வைத்து பலூன் பையை அமுக்கினார்கள். மயக்கத்தை முறிக்கிற மருந்தும் கொடுத்தார்கள் என்று சொன்னார்கள். நான் மூச்சு இழுத்தேன், கூடவே வாந்தியும் எடுத்தேன். அதில் கொஞ்சம் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது.

ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், கையில் ஒரு கடிதத்தோடு. அனுப்புவதற்கு முன்னால் டாக்டர் என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டிச் சொன்னாராம்: "தண்ணிக்குள்ள மூச்சடக்கிப் பழகுன உடம்பு. அதான் தாங்கிருச்சு. வேற ஆளா இருந்தா கஷ்டம்." பாராட்டுதான். எனக்குப் பதக்கம் குத்தாதது ஒன்றுதான் பாக்கி.

நெஞ்சுக்குள் இறங்கிய வாந்தி நுரையீரலில் சீழ் பிடிக்க வைத்தது. நிமோனியா என்றார்கள். நாலு நாள் ஐசியு, ஒன்பது நாள் வார்டு. ஐசியுவில் இருந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். வார்டு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருமினால் விலா நொறுங்கும். காய்ச்சல் விட்டு விட்டு வரும். எக்ஸ்ரே எடுக்க வீல்சேரில் வரிசையில் உட்கார்ந்திருந்தால் முன்னால் இருபது பேர் இருப்பார்கள். என் வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகாமல் பக்கத்திலேயே கிடந்தார். சுடுதண்ணீர் வைக்கத் தெரியாத மனுஷன், ஆஸ்பத்திரி வாசலில் தங்கியிருந்த பெண்களிடம் கேட்டுக் கேட்டுக் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார். எனக்குத் தலை சீவி விடுவார். வகிடு காதுப் பக்கம் போகும். அந்தக் கோணல் வகிட்டோடுதான் ஒன்பது நாளும் இருந்தேன், திருத்திக்கொள்ள மனசு வரவில்லை.

வார்டுக்கு வந்த முதல் நாளே ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்று குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே எழும்பும். ஒன்று எழும்பினால் கொஞ்சம் மூச்சு, மூன்றும் எழும்பினால் முழு மூச்சு.

"இதென்ன, ஒங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா மதினி" என்றாள் ராணி.

நானும் அப்படித்தான் நினைத்து இழுத்தேன். ஒரு பந்துகூட அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். இருமல் வந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்துக் கட்டிலில் எழுபது வயது அம்மா ஒருவர் இரண்டு பந்தை எழுப்பிவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். வயிற்றுப் புண்ணோ, அதைவிடப் பெரியதோ, எதுவும் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் பிழைப்பே இந்த மூச்சு. எனக்கு வேறு தொழில் தெரியாது. இது திரும்பி வருமா, வராதா? அந்தப் பந்துகளைப் பார்த்துக்கொண்டே அந்த ஒரு கேள்வியோடுதான் படுத்திருந்தேன்.

கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. மயக்க மருந்து டாக்டரம்மா ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். வயிற்றுச் சோதனை பாதியில் நின்றுபோனதால் மறுபடி குழாய் விட்டு, புண்ணிலிருந்து கொஞ்சம் சதை கிள்ளிப் பரிசோதிக்க வேண்டும், அதற்கு முன்னால் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன் என்றார். அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அவர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார்.

நோயாளி ஒத்துழைக்கவில்லை. உடன் இருந்த உறவினர் குழாயைப் பிடித்து இழுத்து இடையூறு செய்ததால் சோதனை நிறுத்தப்பட்டது. அதன்பின் நோயாளிக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது.

அதன்பின். அந்த ஒரு வார்த்தையை எவ்வளவு யோசித்துப் போட்டிருக்கிறார் பாருங்கள். ராணி இழுத்தாள், அதன்பின் எனக்கு மூச்சுத் திணறியது. ராணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இருமல்தான் வந்தது.

ராணி அழ ஆரம்பித்தாள். கடிதத்துக்காக அழுகிறாள் என்று நினைத்தோம். "தப்பு எம்மேலதான் டாக்டர்" என்றாள். "மொதல்லயே பாத்துட்டேன், நெஞ்சு அசையல. நாலு வரைக்கும் சும்மா நின்னேன். மதினி மூச்சுக்கு நாலுதான்னு சும்மா நின்னேன்."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் எங்கள் கணக்கைச் சொன்னேன். அவர் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "எங்க, சொல்லு பாப்போம்" என்றார். வார்டு நடுவில் நின்று ராணி நாலு மங்கள வார்த்தை சொன்னாள். பக்கத்துக் கட்டில் அம்மாவும் கை கூப்பிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்கூட ஆகலை" என்றார் டாக்டரம்மா. "இங்க பாரு ராணி, மயக்கம் குடுத்தா ஒருத்தர் நோயாளியோட மூச்ச மட்டும் பாத்துக்கிட்டு இருக்கணும். குழாய் விடுறவரே அதையும் பாக்க முடியாது. அந்த ஆளு அங்க இல்ல. அது உன் வேலையே இல்லம்மா."

"கடல்ல என் வேலைதான டாக்டர்?" என்றாள் ராணி.

டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளை உட்கார வைத்தார்.

பிறகு என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். குறட்டை விடுவேனா? பல் ஏதாவது ஆடுகிறதா? இதற்கு முன் மயக்கம் கொடுத்திருக்கிறார்களா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன்? வலி மாத்திரையைச் சொன்னேன். "வேற? தூக்கத்துக்கு, அரிப்புக்கு, சளிக்கு?" என்று விடாமல் கேட்டார். சொறிமீன் பட்டு அரிக்கும் எங்களுக்கு. ராத்திரி அரிப்பு மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுப்போம். அதை யார் மருந்து என்று கணக்கில் வைக்கிறார்கள்? சோதனைக்கு முந்தின ராத்திரிகூட இரண்டு போட்டிருந்தேன்.

அவர் பேனாவை நிறுத்தினார். அந்த மாத்திரையே தூக்கம் வரவைப்பது, அது உடம்பில் இருக்கும்போது தூக்க ஊசியையும் போட்டு, அது வேலை செய்ய நேரம் கொடுக்காமல் மேலே இன்னொன்றையும் போட்டால் மூளை மூச்சு விடவே மறந்துவிடும், குறட்டை விடுகிறவர்களுக்கு நாக்கும் பின்னால் விழுந்து அடைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். வரக்காப்பி குடித்ததையும் பயந்து பயந்து சொன்னேன். அத்தனை மணி நேரத்துக்கு முன்னால் குடித்த பால் இல்லாத காப்பி ஒன்றும் செய்யாது என்றார்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது சோதனை. பயத்தில் முந்தின நாளே எனக்குச் சோறு இறங்கவில்லை. படுக்கையில் ஏறியதும் கிளிப் மாட்ட வந்தார்கள். விரலில் மாட்டினார்கள், காட்டவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. சத்தத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்துக் கையைப் பிடுங்கிக்கொண்டேன். டாக்டரம்மா அந்த மெஷினில் வேறொரு கிளிப்பைச் சொருகி என் காது மடலில் மாட்டினார். உடனே எண் வந்தது. அவ்வளவுதான். என் கம்மல் தொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தால் போதும். அதற்காகத்தான் நான் செத்துப் பிழைத்தேன். சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகையாகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

"குழாய் விடுறது அவரு. நான் உங்க தலைமாட்டுலயே இருப்பேன். எனக்கு இங்க வேற வேலை கிடையாது" என்றார் டாக்டரம்மா.

இருபது வருடமாக என் தலைக்கு மேலே அப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள். அவளிடம் சான்றிதழ் இல்லை, கையில் கயிறு மட்டும்தான்.

முழித்தபோது டாக்டரம்மா அங்கேயே இருந்தார். சதைப் பரிசோதனையின் முடிவு பத்து நாளில் வந்தது. சாதாரணப் புண். மாத்திரையால் வந்தது. மூன்று பேரும் பயந்த அந்த வார்த்தை காகிதத்தில் இல்லை. என் வீட்டுக்காரர் அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அன்றைக்கு வீட்டில் மீன் குழம்பு அவர்தான் வைத்தார், காரம் போடாமல். வாயில் வைக்க முடியவில்லை. தட்டை வழித்துத் தின்றேன்.

உடம்பு தேறியதும் ராணியையும் கூட்டிக்கொண்டு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை. பணம் கேட்கவும் போகவில்லை. கடிதத்தில் இருக்கும் அந்த ஒரு வரியை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்கப் போனேன்.

"நல்லாத்தான இருக்கீங்க. இனி அதெல்லாம் எதுக்கு?" என்றார் டாக்டர். பிறகு நான் அரிப்பு மாத்திரை போட்டதை மறைத்துவிட்டேன் என்றார். அது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"நீங்க கேட்டீகளா சார்?"

அவர் என் ஃபைலை எடுத்து நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நீட்டினார். இப்போது அதை வாசித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதற்குப் போதும். வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா, குறட்டை உண்டா, ஒவ்வாமை உண்டா என்று பத்துப் பன்னிரண்டு கேள்வி. எல்லாவற்றுக்கும் நேராக 'இல்லை' என்று டிக். டாக்டரம்மா என்னிடம் கேட்ட அத்தனை கேள்வியும் அங்கே அச்சில் இருந்தது. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

"இத யாரு சார் டிக் அடிச்சது? எங்கிட்ட கேட்டது சாப்பிட்டியா, சுகர் இருக்கா, ரெண்டே ரெண்டுதான்."

"கையெழுத்து உங்களோடது" என்றார்.

கதவுக்கு அருகில் அந்த சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ராணியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. அந்த வீங்கின காலை வைத்துக்கொண்டு அவர் வேறு எங்கே போய் வேலை தேடுவார்?

"இந்தப் புள்ள இழுக்கலைனா நான் இன்னைக்கு ஒங்க முன்னால நிக்க மாட்டேன். இடையூறுன்னு எழுதிருக்கீக. அத மட்டும் மாத்திக் குடுங்க" என்றேன்.

"ரெக்கார்டை மாத்த முடியாதும்மா. அது சட்டப்படி தப்பு" என்றார். சட்டம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வெளியே வந்தபோது உட்கார இடமில்லாமல் சனம் நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு டோக்கனோடு இருந்தாள். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அவளுக்கு அங்கேயே நின்று சொல்லிவிட்டு வந்தேன். மூச்சைப் பார்க்கத் தனி ஆள் யார்? கிளிப் விரலில் எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? ஆக்சிஜன் எங்கே, அதைத் திறக்கிற சாவி எங்கே? நான் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்களா? அவள் தலையாட்டினாள். உள்ளே போய்க் கேட்டாளா என்று தெரியாது. சங்கத்து நோட்டிலும் இதை எழுதி வைத்திருக்கிறேன்.

நாலு மாதம் அந்தப் பந்துகளோடு மல்லுக்கட்டினேன். முதல் பந்து எழும்பியது, பிறகு இரண்டாவது. மூன்றாவது எழும்பிய அன்றைக்கு ராணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கை தட்டினாள். மறுநாள் கடலுக்குப் போகலாம் என்றேன். முகம் சுருங்கிப்போனது, ஆனாலும் வந்தாள்.

தண்ணீரில் இறங்கினோம். இடுப்பில் கயிறு கட்டினாள். முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள். நான் முங்கினேன். பயந்த மாதிரி இல்லை. காது அடைத்தது, பிறகு அந்த அமைதி வந்தது. அடக்கிய மூச்சு நிதானமாக இருந்தது. பாறையும் பாசியும் கண்ணுக்குத் தெரிந்தன. இன்னும் ஒரு ஆள் உயரம் போனால் கை எட்டும். நான் கீழே போய்க்கொண்டிருந்தேன்.

கயிறு வெடுக்கென்று இழுபட்டது.

மேலே வந்து, "என்னடி ஆச்சு?" என்று கத்தினேன்.

"நாலு ஆயிருச்சு மதினி."

ஆகவில்லை. எனக்குத் தெரியும். இரண்டுகூட முடிந்திருக்காது. அவள் கயிற்றைக் கையில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மறுபடி முங்கினேன், மறுபடி இழுத்தாள். வேறொருத்தியை மேலே போட்டுக்கொள் என்று மற்ற பெண்கள் சொல்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு நாலுவரை பொறுத்தவள் இனிமேல் யாருக்காகவும் நாலுவரை பொறுக்க மாட்டாள். அதை அவளுக்குச் செய்தவர் அங்கே ராமநாதபுரத்தில் இன்றைக்கும் விளக்கை அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என் மூச்சு எனக்குத் திரும்பி வந்துவிட்டது. பாசி இன்னும் ஒரு ஆள் ஆழத்தில் இருக்கிறது. நான் தினமும் போகிறேன், ராணி தினமும் இரண்டிலேயே இழுக்கிறாள், வெறுங்கையோடு மேலே வந்து, "சரிடி, நாலு ஆயிருச்சு" என்று சொல்கிறேன்.